வாசலில் ஒரு மண்பானை

மண்பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் கொண்டு செல்கிறது. காற்று உலர்ந்திருந்தால் குளிர்ச்சி மிகும். ஈரக்காற்று வீசும் எங்கள் கடலோர ஊரில், மதுரையில் குளிர்வதைப்போல் பானை நீர் குளிர்வதில்லை. ஆயினும் என் உம்மா கோடைதோறும் வாசல் திண்ணையில் ஒரு பானையும், பறவைகளுக்காக மதில்மேல் ஒரு மண்சட்டியும் வைப்பார்கள்.

உம்மா வஃபாத்தானபின் வரும் முதல் கோடை இது. அவர்கள் பெயரால் என்ன தர்மம் செய்வதென்று உடன்பிறந்தோர் கலந்து பேசினோம். பெயர் பொறித்த கடிகாரம் ஒன்றைப் பள்ளிவாசலுக்குக் கொடுக்கலாம் என்றான் தம்பி. அப்போது ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்களின் செய்தி நினைவுக்கு வந்தது. தாயார் இறந்தபின், சிறந்த தர்மம் எதுவென அவர்கள் வினவியபோது, தண்ணீர் என நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். ஸஅத் (ரலி) அவர்கள் கிணறு வெட்டினார்கள்.

கிணறு வெட்ட எங்களுக்கு இடமில்லை, திண்ணை இருக்கிறது. ஃபஜ்ருக்குப்பின் பானையைக் கழுவி நிரப்புவது இப்போது தம்பியின் பொறுப்பு. குடித்துச் செல்வோருக்கு உம்மாவின் பெயர் தெரியாது. அல்லாஹ் அறிவான்.

இக்கோடையில் உங்கள் வாசலிலும் ஒரு பானை வையுங்கள். மூடியிட்டு, நாள்தோறும் நீரை மாற்றுங்கள்.