நான்கு தாள்கள் ஏழான கதை

இளங்கலை முதலாண்டில் சேரும் மாணவரின் கைக்கு முதலில் வருவது பாடப்பட்டியல். வரலாற்றையோ பொருளியலையோ நாடி வந்தவருக்கு அந்தப் பட்டியலில் பாதி அந்நியமாகத் தோன்றும். ஒவ்வொரு வகைப் பாடமும் ஏன் அங்கே இருக்கிறது என்று எடுத்துச் சொல்வோர் குறைவு. ஆனால் ஒரு கலைப் பட்டம் எதற்காக என்ற கேள்விக்கு ஒரு பல்கலைக்கழகம் தரும் உண்மையான விடை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. குறிக்கோள் வாசகங்களில் இல்லை.

டெல்லிப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 2013-இல் 11 அடித்தளப் பாடங்களோடு அங்கே வந்த நான்காண்டுத் திட்டம், கடும் எதிர்ப்புக்குப் பின் 2014-இல் கைவிடப்பட்டது. 2015-இல் வந்த திட்டத்தில் ஹானர்ஸ் மாணவருக்கு முதல் பருவத்தில் நான்கு தாள்கள்: முதன்மைப்பாடம் இரண்டு, பிற துறை விருப்பப்பாடம் ஒன்று, மொழி அல்லது சுற்றுச்சூழல் ஒன்று. 2022-இல் நான்காண்டுத் திட்டம் மீண்டும் வந்தபோது அவை ஏழாயின. முதன்மைப்பாடம் மூன்றாக, தொழில்திறன் பாடமும் மதிப்புக்கூட்டுப் பாடமும் புதிதாகச் சேர்ந்தன.

பருவத்திற்கான கிரெடிட் அன்றும் 22, இன்றும் 22. முதன்மைப்பாடத்தின் பங்கும் குறையவில்லை. முன்பு இரண்டு தாள்களுக்கு ஆறாறாக 12. இப்போது மூன்று தாள்களுக்கு நந்நான்காக 12. எஞ்சிய 10 கிரெடிட் முன்பு 6, 4 என இரண்டாகப் பிரிந்தது. இன்று 4, 2, 2, 2 என நான்காகச் சிதறுகிறது. ஆகவே துறைப்படிப்பு அழிந்துவிட்டது என்போரின் கணக்கும் தவறு, எதுவும் மாறவில்லை என்போரின் கணக்கும் தவறு. அளவு அப்படியே இருக்கிறது, அது துண்டுகளாகியிருக்கிறது.

துண்டாவதால் இழப்பது என்ன? கலைத்துறைத் தாள் ஒன்றுக்கு முன்பு வாரம் ஐந்து விரிவுரைகளும் ஒரு பயிற்சி வகுப்பும் இருந்தன. நான்கு கிரெடிட் தாளில் விரிவுரை மூன்றே. ஆசிரியர் பாடப்பகுதியை முடித்துவிடுவார். வகுப்பிலேயே ஒரு மூலநூலைத் திறந்து பத்தி பத்தியாகப் படிக்கும் நேரம்தான் முதலில் பறிபோகும். வீட்டில் நூலகமோ ஆங்கிலமோ இல்லாத மாணவருக்கு வாசிப்பைக் கற்றுத்தந்த இடம் அதுவே. கூடவே ஏழு தாள்களுக்கு ஏழு உள்மதிப்பீடுகள், ஏழு தேர்வுகள்.

இரண்டு கிரெடிட் பாடங்கள் அனைத்தும் வீண் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. சுற்றுச்சூழல் பாடத்தின் பின்னால் எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் அளித்த தீர்ப்பு நிற்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்னும் பிரிவில் மாநிலத்தின் மொழிக்கொள்கை தெரிகிறது, அங்கே பி.ஏ. மாணவர் தமிழையோ வேறொரு மொழியையோ, ஆங்கிலத்தையும் சேர்த்து, பொதுவாக நான்கு பருவங்கள் படிக்கிறார். அதனோடு ஒப்பிட்டால், வாரம் இரண்டு மணி நேரம் நடக்கும் மொழித்திறன் தாள் ஒரு மொழியை அறிமுகப்படுத்தலாம். அதில் எழுதவும் வாதிடவும் பழக்க இயலாது. கலைப் பட்டதாரியின் கருவி மொழிதான். எனவே இந்தக் குறை மற்ற எல்லாத் தாள்களிலும் எதிரொலிக்கும்.

விருப்பப்பாடம் என்ற சொல்லும் சற்று ஏமாற்றும். பட்டியலில் எத்தனை பெயர்கள் இருந்தாலும், ஆசிரியரும் அறையும் கால அட்டவணையில் இடமும் உள்ள பாடமே மாணவருக்குக் கிடைக்கும். கற்பிக்கும் மணிக்கணக்கை வைத்தே பணியிடங்கள் தீர்மானிக்கப்படுவதால், ஒரு வகைப் பாடத்தைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஆசிரியர்களின் வாழ்வாதாரத்தைத் தொடுகிறது. 2022-இல் மொழித்திறன் பட்டியலில் ஆங்கிலம் இடம்பெறாதபோது ஆங்கில ஆசிரியர்கள் எதிர்த்தது இதனால்தான். அந்த எதிர்ப்பில் மொழி அரசியலைவிடத் தற்காலிக ஆசிரியர்களின் அச்சமே மிகுதி.

இன்னொரு பக்கம் இடைவிலகல். 44 கிரெடிட்டுடன் ஓராண்டில் சான்றிதழ், 88-இல் பட்டயம், 132-இல் மூன்றாண்டுப் பட்டம், 176-இல் நான்காண்டுப் பட்டம். ஓராண்டோடு விலகுபவர் கையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள்: ஆறு முதன்மைத் தாள்கள், இரண்டு விருப்பத் தாள்கள், ஆறு சிறு தாள்கள். எந்தத் துறையிலும் அவர் காலூன்றியிருக்க மாட்டார். கட்டணம் கட்ட முடியாதவரும் வீட்டில் திருமணம் பேசப்படும் பெண்ணுமே இந்த வாசல் வழியே முதலில் வெளியேறக்கூடியவர்கள். இடையில் நின்றவருக்குத் திரும்பிவர வழி வைத்திருப்பது நல்லதே. ஆனால் நிற்பதையே ஒரு தகுதியாகப் பெயரிட்டுவிட்டால், நிற்காமல் காக்கும் பொறுப்பிலிருந்து நிறுவனம் எளிதாக நழுவிவிடும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவர்கள் பட்டியலைக் கிரெடிட் கணக்கோடு படிப்பது நல்லது. பொது விருப்பப்பாடத்தை மதிப்பெண் எளிதில் கிடைக்கும் இடமாகக் கருதாமல், அடுத்தடுத்த பருவங்களிலும் ஒரே துறையிலிருந்து தேர்ந்தால் ஏறத்தாழ ஒரு துணைப்பாடத்தின் ஆழம் கிடைக்கும். முதுகலையில் மொழியியல் போன்று இளங்கலையில் அரிதாகவே கிடைக்கும் துறைக்கு மாற எண்ணுவோருக்கு அந்த நான்கு கிரெடிட்டே வாசல். ஆசிரியர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: மூன்று விரிவுரைகளில் ஒன்றையாவது, பாடப்பகுதி சற்றுப் பின்தங்கினாலும், நூலைத் திறந்து வைத்துச் சேர்ந்து படிப்பதற்கு ஒதுக்குவது.