வெளியே நின்றுவிட்ட அறை

மிச்சிகன் ஏரிக்கரையில், இந்தியானா மணல்மேடுகளுக்கு அருகிலுள்ள முகாமில் எங்கள் மோட்டார்ஹோமின் ஸ்லைடு-அவுட் உள்ளே வர மறுத்தது. வண்டி நின்றதும் பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவரின் ஒரு பகுதி சோபா, சாப்பாட்டு மேசையோடு வெளியே நகர்ந்து கூடத்தை அகலமாக்கும். கிளம்பும்போது அதை உள்ளே இழுத்தாக வேண்டும், இல்லையென்றால் வண்டியைச் சாலையில் எடுக்க முடியாது. அன்று காலை ரிலே 'டிக்' என்றது. அதோடு சரி.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. பொத்தானை அழுத்தியபோதும் அது இறங்கவில்லை. மோட்டார் மின்சாரத்தை இழுக்கவே இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. வண்டிக்கடியில் படுத்து மோட்டாரின் கம்பி முனையில் அளந்தேன். மின்சாரம் அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பக்கத்து வண்டியில் இருந்த ஓய்வுபெற்ற மெக்கானிக், சுத்தியல் கைப்பிடியால் மோட்டாரை இரண்டு தட்டு தட்டச் சொன்னார். கார்பன் பிரஷ் சிக்கியிருந்தால் அதில் விடுபடும். விடவில்லை.

மிச்சமிருந்தது கைவழி. மோட்டாரின் பிரேக் நெம்புகோலைத் திருப்பிவிட்டு, மோட்டாரின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் அறுகோண முனையில் ஸ்பேனரை மாட்டித் திருகினோம். இடம் நெருக்கடி. கால் சுற்று திருகி, கழற்றி, மறுபடி மாட்ட வேண்டும். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் அறை நகர்ந்தது கண்ணுக்கே தெரியவில்லை. உள்ளே நின்று, சுவரின் இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டியைக் கவனித்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஏங்க, கீழ் மூலையில மடங்குது, கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். மடங்கிய ரப்பரை விரலால் நீவி எடுத்துவிட்டு மறுபடி திருகினோம். கழற்றிய மோட்டாரைப் பிறகு பிரித்துப் பார்த்தபோது, ஒரு பிரஷ் முழுக்கத் தேய்ந்து ஸ்பிரிங் மட்டுமே மிச்சமிருந்தது. சாலைத் தண்ணீர் உள்ளே இறங்கிய துருவும் இருந்தது. புது மோட்டார் போட்டோம்.

ஆனால் வண்டிக்கடியில் படுத்திருந்தபோது எழுந்த கேள்வி என்னை விடவில்லை. ஒரு வீட்டுச் சுவரை ஒற்றை மோட்டாரை நம்பி வெளியே தள்ளும் இந்த ஏற்பாடு எங்கே, எதற்காகத் தொடங்கியது? அதைத் தேட அங்கிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. கிழக்கே எல்கார்ட் மாவட்டம். அமெரிக்காவின் ஓடும் வீடுகளில் பெரும்பங்கு அங்கேதான் தயாராகிறது. அவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் எல்கார்ட்டில் உண்டு.

அங்கே போய், 1913இல் செய்த 'ஏர்ல்' இழுவை வீடு, நடிகை மே வெஸ்ட்டுக்காக 1931இல் செவ்ரோலே வண்டிமேல் கட்டிய வீடு என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். எல்லாமே ஒடுங்கிய பெட்டிகள். அந்தக் காலத்தில் இடத்தை விரிக்கப் பெரும்பாலும் உதவியது கேன்வாஸ் துணிதான். கட்டிலைப் பக்கவாட்டில் மடக்கி இறக்கி மேலே கூடாரம் போட்டுக்கொண்டார்கள். சுவர் ஏன் விரியவில்லை என்பதைவிட, ஏன் விரிய வேண்டியிருந்தது என்பதில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. வண்டியின் அகலத்தைத் தீர்மானித்தது சாலை. வெகுகாலம் எட்டடிதான் வரம்பு. 1982ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தை ஒட்டி முக்கியச் சாலைகளில் லாரிக்கும் பேருந்துக்கும் 102 அங்குலம், அதாவது எட்டரை அடி, கிடைத்தது. மோட்டார்ஹோம்களும் அந்த அளவுக்கு வந்தன. சுவர்களின் கனம், சோபா, அலமாரி எல்லாம் போக, எதிரெதிரே இருவர் ஒதுங்கிப் போகக்கூட அதில் இடமில்லை.

இழுத்துத் திறக்கும் அறை மோட்டாரோடு பிறந்ததல்ல. 1950களின் நடுவில் விஸ்கான்சினில் எல்மர் ஃப்ரே பத்தடி அகல நகரும் வீடுகளைச் செய்தார். அவை தனி அனுமதியோடு எப்போதாவது இடம் மாறுபவை. அந்தத் தலைமுறை வீடுகள் சிலவற்றில் வெளியே இழுக்கும் அறையும் இருந்தது. ஒருமுறை இழுத்து நிறுத்தினால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்கும். அதற்கு மோட்டார் எதற்கு?

1990இல் எல்கார்ட் பக்கத்து நப்பானி என்ற சிற்றூரின் நியூமார் நிறுவனம் ஓடும் வீட்டில் ஸ்லைடு-அவுட்டைக் கொண்டுவந்தது. அறை பழையது, அதைத் தினமும் திறந்து மூடுவதுதான் புதியது என்பது என் முடிவு. மாலையில் வெளியே, காலையில் உள்ளே என்றானதும் மோட்டார் வந்தது. பல்சக்கரம், பிரேக், ரப்பர் பட்டி எல்லாம் அன்றாடத் தேய்மானத்துக்கு உட்பட்டன. கைவழியோ அவசரத்துக்கென்று வண்டிக்கடியில் ஒதுங்கிவிட்டது. எங்கள் வண்டியில் அந்த அறுகோண முனை எரிபொருள் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. எழுபது வயதுக்காரர் மழையில் அங்கே ஊர்ந்து போக முடியாது. முனையை ஒரு நீண்ட தண்டால் பக்கப் பலகைவரை கொண்டுவந்து, நின்றபடி திருகும்படி அமைக்க வேண்டும் என்று தயாரிப்பாளருக்குப் படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன்.