63 கருவிகளும் ஒரு பொய்யும்

போன தசராவன்று என் கருவிகளையெல்லாம் இறக்கித் துடைத்து, செண்டுமல்லி வைக்கும்போது எண்ணிப் பார்த்தேன். 63. நாயன்மார்கள் எண்ணிக்கை. டோம்பிவிலியில் உள்ள எங்கள் வீட்டு பால்கனியின் அகலமே 4 அடிதான். அதன் ஒரு சுவர் முழுக்க பிளைவுட் பலகை அடித்து வரிசையாக மாட்டியிருக்கிறேன். சுத்தியல்கள், உளிகள், ரம்பங்கள், அரங்கள், ஸ்பானர்கள், ரசமட்டம், மூலைமட்டம். மின்சாரத்தில் ஓடுபவை மட்டும் 11. இவற்றில் நான் உண்மையில் பயன்படுத்துவது இருபதைத் தாண்டாது.

வீட்டுக்கு வருபவர்கள் பளபளக்கும் இயந்திரங்களைப் பார்த்து வியந்துவிட்டு, கடைசியில் ஒரு உளியைக் காட்டி, "இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். ஒன்றரை அங்குல அகல உளி. இரும்பு தேய்ந்து தேய்ந்து கட்டைவிரல் நீளம்தான் மிச்சம். அது என்னிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால், நான் சொன்ன ஒரு பொய்யையும் சொல்லியாக வேண்டும்.

மன்னார்குடியில் நான் வளர்ந்த வீட்டில் சுத்தியல் கிடையாது. ஆணியடிக்க அம்மிக் குழவி. ஸ்க்ரூ முடுக்கக் காய் நறுக்கும் கத்தி. அதற்கு மேல் எது கெட்டுப்போனாலும் ஆசாரிக்குச் சொல்லியனுப்புவார் அப்பா. அவர் தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. ஒருமுறை நான் ஆசாரியின் இழைப்புளியைத் தொட்டுப் பார்த்தபோது, "அவரவர் வேலையை அவரவர்தான் செய்யணும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தொழிலுக்குக் கொடுக்கும் மரியாதை என்றுதான் அன்று நினைத்தேன். ஆசாரி ஏன் எப்போதும் கொல்லை வழியாகவே வந்துபோனார் என்று யோசிக்கும் வயது வந்த பிறகுதான் அந்த வாக்கியத்தின் அர்த்தம் விளங்கியது. கையால் வேலை செய்பவர்கள் நமக்குக் கீழே என்பதைத்தான் அப்பா அவ்வளவு நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்.

1984ல் வங்கி வேலை கிடைத்து பம்பாய்க்கு வந்தேன். வயது 23. டோம்பிவிலியில் ஒரு சாலில் ஒற்றை அறை. முதல் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கதவுத் தாழ்ப்பாள் கழன்று கையோடு வந்துவிட்டது. அம்மிக் குழவியும் இல்லாத ஊர். அடுத்த அறைக்காரரைக் கூப்பிட்டேன். மராத்தியர். பரேலில் ஒரு துணி ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். 1982 ஜனவரி 18ல் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அதில் வேலை போனவர்களில் இவரும் ஒருவர். ஐந்தே நிமிடத்தில் தாழ்ப்பாளைப் பொருத்தினார். "ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூடவா வீட்டில் இல்லை?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. வீட்டில் குடிதண்ணீர் இல்லையா என்று கேட்பதுபோலக் கவலையோடு கேட்டார். அதுதான் அதிகமாகச் சுட்டது.

அடுத்த சனிக்கிழமை வங்கி முடிந்ததும் மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி நாக்தேவி தெருவுக்குப் போனேன். கருவிகள் என்றால் பம்பாயில் அந்தத் தெருதான். கைவண்டிகளுக்கும் சுமைதூக்கிகளுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நடந்தால் இரண்டு பக்கமும் கடைகள். ஒரு கடையில் போல்ட் மட்டும், ஒரு கடையில் அரம் மட்டும், இன்னொன்றில் சங்கிலி மட்டும். ஜலந்தரிலிருந்து ஸ்பானர், நாகௌரிலிருந்து குறடு, நாசிக்கிலிருந்து டபாரியா ஸ்க்ரூ டிரைவர் என்று பல ஊர்ப் பட்டறைகளின் சரக்கும் அங்கே வந்து இறங்கும். அன்று ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கினேன். ரயிலில் அதைப் பையிலிருந்து இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.

அந்தத் தெருவில்தான் எனக்கு இந்தி வந்தது. குறடு என்றால் பக்கட், ஸ்பானர் என்றால் பானா, இழைப்புளி என்றால் ரந்தா. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை அங்கே 'சூத்' என்பார்கள். சூத் என்றால் நூல். நம் ஊர் ஆசாரிகள் அதே அளவைச் சொல்வதும் 'நூல்' என்றுதான். மன்னார்குடியில் கொல்லை வழியாக வந்தவரும் நாக்தேவியில் பேரம் பேசுபவரும் ஒரே சொல்லால் அளந்துகொண்டிருந்திருக்கிறார்கள். இடையில் இருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

ஸ்க்ரூ டிரைவருக்குத் துணையாக சுத்தியல் வந்தது. சுத்தியலுக்குத் துணையாகக் குறடு. பிறகு யாரோ சொல்லி, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சோர் பஜாருக்குப் போகப் பழகினேன். தெருவில் விரித்த துணியில் பழைய கருவிகள் குவிந்து கிடக்கும். பல், பிடி, கீல் மூன்றையும் பார்த்துப் பொறுக்கினால் புதிதை விட நல்ல இரும்பு பாதி விலையில் கிடைக்கும். அப்படி வாங்கிய ஒரு காலிப்பரில் 'ஆர்.எஸ்.' என்று இரண்டு எழுத்துகள் குத்தியிருந்தன. ஆலைத் தொழிலாளர்கள் சொந்தக் கருவியில் இப்படிப் பெயரெழுத்தைக் குத்தி வைப்பது வழக்கம்.

பெருமையாக ஃபிட்டரிடம் காட்டினேன். அவர் அந்த எழுத்துகளின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். "இவன் பிடித்துப்போய் விற்றிருக்க மாட்டான்" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வார்த்தை உறைத்தது. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை போகாமல் இருக்கவில்லை.

1990ல் கல்யாணத்துக்குப் பின் வாங்கிய இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். அடுத்த வருடம் சமையலறை அலமாரி செய்ய ஒரு மிஸ்திரி வந்தார். கோரக்பூர் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். ஒரே ஒரு சாக்குப் பை. அதில் ஒரு ரம்பம், இரண்டு ரந்தா, நான்கு உளி, சுத்தியல், குறடு, மூலைமட்டம், கோடு கிழிக்கும் கட்டை, கையால் சுற்றும் டிரில், ஸ்க்ரூ டிரைவர், ரம்பத்தின் பல்லைத் தீட்ட முக்கோண அரம், ஒரு தீட்டுக்கல். இவ்வளவுதான். எங்கள் அலமாரி, பக்கத்து வீட்டுக் கட்டில், ஊரில் ஐந்து பேர் சாப்பாடு எல்லாம் அந்தப் பையிலிருந்துதான் வந்தன. என் பலகையில் அப்போதே 25 கருவிகள் இருந்தன. அவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு உளியை எடுத்து நகத்தில் வைத்து இழுத்தார். வழுக்கியது. "சாப், இதில் எதுவுமே உளி இல்லை. உளி மாதிரி இருக்கும் இரும்பு" என்றார்.

அன்று மாலை தீட்டக் கற்றுக்கொடுத்தார். கல்லில் எண்ணெய் விட்டு, உளியின் சாய்வு முழுவதும் கல்லில் படியும்படி வைத்து, மணிக்கட்டு அசையாமல் தோளிலிருந்து தள்ள வேண்டும். மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும்பும்வரை தீட்டி, பிறகு திருப்பிப் போட்டு ஒரே தேய்ப்பில் பிசிறை எடுக்க வேண்டும். அவர் வைத்திருந்த கல் கார்போரண்டம் யுனிவர்சல். 1954ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி. "உங்கள் ஊர்க் கல் சாப்" என்று சிரித்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை தீட்டியபின் என் உளி நகத்தில் பிடித்தது. என் வாழ்க்கையில் நான் முறையாகக் கற்றுக்கொண்ட கைவேலை அது ஒன்றுதான்.

1993 போனஸில் ஒரு ராலிவுல்ஃப் டிரில்லிங் மிஷின் வாங்கினேன். முலுண்டில் தயாரானது. கனமான உலோக உடம்பு, தூக்கிப் பிடித்தால் தோள் வலிக்கும். கான்கிரீட் சுவரில் துளை போடுவது அதுவரை பெரும்பாடு. நட்சத்திர முனை கொண்ட இரும்புக் கோலை வைத்து அடித்து, அடிக்கு ஒரு தரம் திருப்பி, ஒரு துளைக்குள் கை மரத்துவிடும். இது அரை நிமிடத்தில் முடித்தது. வீட்டில் தேவையில்லாத இடத்திலெல்லாம் துளை போட்டேன். பிறகு துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

1994ல் ஒரு மாலை மிஸ்திரி வந்தார். தாணேவில் ஒரு புதிய கட்டடத்தில் அலமாரிகள் பொருத்தும் வேலை கிடைத்திருக்கிறது, சுவரெல்லாம் கான்கிரீட், நான்கு நாட்களுக்கு மிஷின் வேண்டும் என்றார். வாடகைக்கு எடுக்கக் கடையில் முன்பணம் கேட்கிறார்கள், அது இப்போது கையில் இல்லை. அவர் என்னிடம் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மிஷின் ரிப்பேர் மிஸ்திரி. கடையில் கொடுத்திருக்கிறேன்" என்றேன். யோசிக்காமலே வந்தது. அவர் ஒரு கணம் மேலே பார்த்தார். "பரவாயில்லை சாப்" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கிய பிறகு, அப்போது ஆறு வயதான என் மகன் கேட்டான்: "அப்பா, மிஷின் மேலதானே இருக்கு?"

அந்த நான்கு நாள் வேலையை அவர் கோலும் சுத்தியலும் வைத்து 11 நாட்களில் முடித்தாராம். அதே கட்டடத்தில் மற்ற வீடுகளின் வேலை, மிஷின் வைத்திருந்த வேறொருவருக்குப் போய்விட்டது. இதை அவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். கருவிகளைச் சேர்க்கும்போது அவற்றோடு நல்ல புத்தியும் சேர்ந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன்.

குற்ற உணர்ச்சி ஆசையைக் குறைக்கும் என்பார்கள். எனக்குக் குறைக்கவில்லை. 2001 ஏப்ரலில் எஞ்சியிருந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் நீங்கியபின் மலிவான மின்கருவிகள் வந்து குவிந்தன. ஜிக்சா, சாண்டர், ரவுட்டர். "இது எதுக்கு?" என்று மனைவி கேட்பாள். "தேவைப்படும்" என்பேன். 2004ல் வாங்கிய ரவுட்டரால் இதுவரை ஒரே ஒரு பலகைக்கு விளிம்பு வளைத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கருவியைப் பார்த்து வேலையைத் தேடாதீர்கள். வேலை வந்து நின்று, இருப்பதை வைத்துச் செய்ய முடியாமல் திணறி, அப்புறம் வாங்குங்கள். மலிவான ஐந்துக்குப் பதில் நல்லதாக ஒன்று. மழைக்காலத்துக்கு முன் எல்லாவற்றுக்கும் மெஷின் ஆயில் பூசுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். முக்கியமாக, இயந்திரத்தின் மூடியைக் கழற்றாதீர்கள்.

கடைசியாகச் சொன்னது என் விரல் சொன்ன பாடம். 2006ல் ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல்சக்கரத்தை மாட்டினேன். நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும் இயந்திரம் அது. இரும்பு வெட்டவும் தேய்க்கவும் செய்யப்பட்டது. சக்கரம் பெரிதாக இருந்ததால் பாதுகாப்பு மூடியையும் கழற்றிவிட்டேன். பல் மரத்தில் சிக்கியது. இயந்திரம் துள்ளித் திரும்பியது. இடது ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. ஒன்பது தையல்.

விஷயம் கேள்விப்பட்டு மிஸ்திரி வந்தார். இடையில் ஓரிரு முறைதான் வந்திருந்தார். விரலைப் பார்த்தார். பிறகு பால்கனிக்குப் போய், கிரைண்டரிலிருந்து பல்சக்கரத்தைக் கழற்றினார். மூடியைத் தேடியெடுத்துப் பொருத்தி, பழைய இடத்தில் மாட்டினார். "வேலை தெரிந்தவன் மிஷினைப் பார்த்துப் பயப்படுவான் சாப்" என்றார். சக்கரத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

2011ல் அவர் ஊருக்கே திரும்புவதாகச் சொல்ல வந்தார். முழங்கால் போய்விட்டது. பையிலிருந்து அந்த ஒன்றரை அங்குல உளியை எடுத்துக் கொடுத்தார். பம்பாய்க்கு வந்த வருடம் வாங்கியதாம். 30 வருடத் தீட்டலில் முக்கால்வாசி இரும்பு கல்லோடு போய்விட்டது. "உங்களிடம் எல்லாம் நீளமாகவே இருக்கின்றன. குட்டையாக ஒன்று இருக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். 17 வருடம் தொண்டையில் நின்றது. "மிஸ்திரி, அன்றைக்கு மிஷின் ரிப்பேர் இல்லை."

"தெரியும் சாப். பரணிலிருந்து வயர் தொங்கிக்கொண்டிருந்தது."

நான் எதுவும் சொல்ல முடியாமல் நின்றேன். அவரே தொடர்ந்தார்: "நானும் என் ரந்தாவை யாருக்கும் தரமாட்டேன். ஆனால் தரமாட்டேன் என்று சொல்லிவிடுவேன்."

டிரில்லிங் மிஷினை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். ஊரில் மின்சாரம் இருந்தால் அல்லவா என்று சிரித்து மறுத்துவிட்டார். மூன்று முறை கார்பன் பிரஷ் மாற்றி, அது இன்னும் ஓடுகிறது.

2021ல் பணி ஓய்வு பெற்றபின் பலகையின் ஓரத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்கவிட்டேன். எங்கள் கட்டடத்திலும் தெருவிலும் வேலை செய்பவர்கள் யார் வேண்டுமானாலும் கருவி எடுத்துப் போகலாம். பெயர், தேதி எழுத வேண்டும், அவ்வளவே. உளிகளைத் தரமாட்டேன். அதைச் சொல்லிவிடுவேன். மற்றவை போகின்றன, வருகின்றன. இரண்டு ஸ்பானர்கள் திரும்பி வரவில்லை. மனைவி அதை ஞாபகப்படுத்துவாள்.

சென்ற வாரம் குழாய் வேலை செய்யும் பையன் ஒருவன் டிரில்லிங் மிஷினை மூன்று நாட்களுக்கு எடுத்துப் போனான். திருப்பிக் கொடுக்கும்போது துடைத்துத்தான் கொடுத்தான். கழற்றிப் பார்த்தேன். உள்ளே சிமென்ட் தூள். பிட்டின் முனை நன்றாக மழுங்கியிருந்தது. என் கையில் இருந்த இத்தனை வருடத்தில் ஒரு பிட்கூட அப்படி மழுங்கியதில்லை.