மேசைமேல் ஒரு போல்ட்

மூன்று வாரங்களாக என் மேசையில், ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தின்மேல், ஒரு போல்ட் கிடக்கிறது. தாள் பறக்காமலிருக்க வைத்தது என்று அறைத்தோழர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த அத்தியாயத்தை நான் ஏன் இன்னும் நெறியாளரிடம் கொடுக்கவில்லை என்று கேட்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் மும்பையில் இரும்பின் அரிமானம் குறித்து ஆய்வு செய்கிறவன். தெளிவாகச் சொன்னால், கடுக்காய்ச் சாற்றிலுள்ள டானின் உப்புநீரில் மென் எஃகைத் துருவிலிருந்து எவ்வளவு காக்கிறது என்பது தலைப்பு. (இந்திய வேதியியல் துறைகளில் சாறு பிழிந்து எஃகுத் துண்டை ஊறவைக்கப்படாத செடி மிகக் குறைவு, அந்தக் கேலியை நானே முன்கூட்டிச் செய்துவிடுகிறேன்.) கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் கறுப்பு மை கிடைக்கும் என்பது நம் முன்னோர் அறிந்ததுதான். டானின் இரும்போடு பிணைந்து உருவாக்கும் அந்தக் கரிய சேர்மமே எஃகின்மேல் படலமாகவும் அமைகிறது. என் முடிவுகள் நன்றாக வந்திருந்தன. சராசரி அரிமான வேகம் அழகாகக் குறைந்திருந்தது.

கார் பழையது. வெர்சோவாவில் கடலைப் பார்த்த குடியிருப்பில் பல ஆண்டுகள் நின்றிருந்ததை மலிவாக வாங்கினேன். அக்காவுக்குப் புணேயில் குழந்தை பிறந்ததிலிருந்து வார இறுதிகளில் அம்மாவை அதில் அழைத்துச் செல்வது வழக்கமாயிற்று. கண்டாலா மலைப்பாதையில் ஒரு திருப்பத்தில் அம்மாதான் முதலில் சொன்னார்: “தம்பி, காலுக்குக் கீழ ஏதோ டக்குன்னு இடிக்குது.” சாலை சரியில்லை என்றேன். அம்மா தூத்துக்குடி உப்பளங்களின் அருகே வளர்ந்தவர். கதவின் கீழ்விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “உப்புக் காத்துல நின்ன வண்டி, அடியில பாத்தியா?” என்றார். பார்க்கவில்லை. துருவைப் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் படித்திருந்தேன். சொந்த வண்டிக்கு அடியில் ஒருமுறையும் குனிந்ததில்லை.

சாக்கிநாக்காவில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் முதியவரை நாங்கள் எல்லோரும் சாச்சா என்போம். அவர் என்னை, இன்னும் பட்டம் வாங்காதவன் என்பது தெரிந்தே, டாக்டர் சாஹேப் என்பார். வண்டியைத் தூக்கியதும் அடிப்பாகம் முழுவதும் கறுப்புப் பூச்சு தெரிந்தது. எனக்கு நிம்மதியாயிற்று. சாச்சா திருப்புளியின் முனையால் ஓரிடத்தில் குத்தினார். பூச்சு பட்டையாக உரிந்து விழுந்தது. உள்ளே ஈரமான செந்நிறத் தூள். பூச்சில் விரிசல் விழுந்துவிட்டால் அது காப்பதை நிறுத்திவிட்டு உப்புநீரைத் தேக்கிவைக்கும் பையாகிவிடுகிறது. வெளியே பார்ப்பவருக்குக் கறுப்பாக, ஒழுங்காக இருக்கும்.

சத்தம் வந்தது இடப்பக்க முன்சக்கரத்தின் லோயர் ஆர்மிலிருந்து. சக்கரத்தை வண்டியின் உடற்சட்டத்தோடு பிணைக்கும் கை அது. அதன் உள்முனையில் ஒரு ரப்பர் புஷ், அதன் நடுவே எஃகுக் குழல், குழலுக்குள் குறுக்காக ஒரு 12 மி.மீ. போல்ட். நட்டு எளிதில் கழன்றது. போல்ட் அசையவில்லை. இரும்பு துருவாகும்போது இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருமன் பெருகும். திறந்த வெளியில் அது உதிர்ந்துவிடும். குழலுக்குள் உதிர இடமில்லாததால் போல்ட்டையும் குழலையும் ஒரே துண்டாக இறுக்கிவிடுகிறது.

சாச்சா அவசரப்படவில்லை. கம்பித் தூரிகையால் தேய்த்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு, மறுநாள் வரச் சொன்னார். மறுநாளும் அதையே செய்தார். மூன்றாம் நாள் அறுமுனை சாக்கெட்டைப் போட்டு, கழற்றும் திசையில் அன்றி முதலில் இறுக்கும் திசையில் மெல்ல அழுத்தினார். துருவின் பிடி உடைந்தால் எந்தப் பக்கம் உடைந்தால் என்ன? உடையவில்லை. நெருப்புக் காட்டலாமே என்றேன். ரப்பரையும் பக்கத்தில் ஓடும் பெட்ரோல் குழாயையும் சுட்டிக்காட்டி, “டாக்டர் சாஹேப் ஆய்வுக்கூடத்தில் நெருப்பு வைக்கட்டும்” என்றார். கடைசியில் இரம்பப் பிளேடால் புஷ்ஷின் இருபுறமும் போல்ட்டை அறுத்தே எடுத்தார். ஆர்முக்குப் புதிய புஷ் போட வேண்டியதாயிற்று.

அறுத்த துண்டைச் சுத்தம் செய்து வெர்னியரால் அளந்தேன். மழையிலும் சேற்றிலும் நேரடியாக நனைந்த தலைப்பகுதி ஏறக்குறைய முழுமையாக இருந்தது. குழலுக்குள், எவர் கண்ணுக்கும் படாத இடத்தில், விட்டம் 8.6 மி.மீ. குறுக்குவெட்டுப் பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், எஞ்சியிருந்தது பாதிதான். அந்தப் பாதியை நம்பித்தான் அம்மாவோடு மலை ஏறி இறங்கியிருக்கிறேன்.

இது ஏன் என்பது எனக்குத் தெரிந்த பாடம். முதலாண்டு மாணவர்களுக்கு நானே செய்துகாட்டுவது. கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் 1920களில் விளக்கிய உப்புநீர்த் துளிச் சோதனை. எஃகுத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீரில் இரண்டு நிறங்காட்டிகளைக் கலந்து விடுவோம். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் விளிம்பு இளஞ்சிவப்பாகும். ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி நீலமாகும். இரும்பு கரைவது அந்த நீலத்தில்தான். காற்றுப்படும் இடம் எதிர்மின்வாயாகித் தப்பிக்கிறது. காற்றில்லா இடுக்கு தன் இரும்பைக் கொடுக்கிறது. தில்லி இரும்புத் தூண் துருப்பிடிக்காது என்று வியக்கிறோம். அதன் பாஸ்பரஸ் மிகுதியையும் காப்புப் படலத்தையும் கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தத் தூணுக்கும் மண்ணுக்குள் புதைந்த அடிப்பகுதி துருவேறியதே.

இங்குதான் நான்காம் அத்தியாயம் வருகிறது. என் 48 மாதிரிகளில் ஐந்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எஃகுத் துண்டைப் பொதிந்திருந்த எப்பாக்சிப் பிசினின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி ஏற்பட்டு, அந்த இடுக்கில் ஆழமாக அரித்திருந்தது. எங்கள் துறையில் இதற்குப் பெயர் தயாரிப்புக் குறைபாடு. அத்தகைய மாதிரியை நீக்குவது வழக்கம், குற்றமன்று. நானும் நீக்கினேன், அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதினேன். ஆனால் ஐந்தில் நான்கு, கடுக்காய்ச் சாறு சேர்த்த கரைசலில் இருந்தவை. தடுப்பான் திறந்த பரப்பை நன்றாகக் காத்து, இடுக்குக்குள் போதிய அளவு சேராமல், அரிமானத்தை அங்கே குவித்திருக்கலாம். அப்படியானால் என் அழகான சராசரி, அந்தக் கறுப்புப் பூச்சைப் போன்றது.

புதிய போல்ட் வாங்கப் போனபோதும் ஒரு பாடம் கிடைத்தது. துருவே வேண்டாம் என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கி வந்தேன். தலையில் 70 என்று பொறித்திருந்தது, அதாவது இழுவலிமை 700 மெகாபாஸ்கல். பழைய போல்ட்டின் தலையில் 10.9, அதாவது 1000. சாச்சா இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னுடையதை என் சட்டைப் பையிலேயே போட்டார். 10.9ஐ வரவழைத்து, மரையை விட்டுவிட்டுத் தண்டுக்கு மட்டும் கிரீஸ் தடவி மாட்டினார். வண்டியை இறக்கி, சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து விரைவில் கிழியும். கறுப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு மெழுகெண்ணெய் அடித்தார். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் வரச் சொன்னார்.

நெறியாளரிடம் ஐந்து மாதிரிகளையும் போல்ட்டையும் கொண்டுபோய் வைத்தேன். உதவித்தொகை எப்போது முடிகிறது என்று கேட்டார். மார்ச் என்றேன். இடுக்குச் சோதனைகளைத் தனியாக வடிவமைத்துச் செய்ய எட்டு மாதமாவது ஆகும். அவர் நெடுநேரம் போல்ட்டை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “செய்யவேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது?” என்றார். அம்மாவிடம் இன்னும் பணக் கணக்கைச் சொல்லவில்லை.

வலப்பக்க போல்ட்டையும் மாற்றிவிட்டோம். அது கையால் திருகியே வந்துவிட்டது, 11.8 மி.மீ. அதே வயது, அதே எஃகு, அதே மழை. இப்போது அதையும் இடப்பக்கத்து போல்ட்டின் அருகில் வைத்திருக்கிறேன்.