லோவெல் ஆலைப் பெண்களின் கூலி

பாஸ்டன்

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா? போன ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்து வடக்கே லோவெல் என்ற ஊருக்குப் போயிருந்தோம். பழைய பஞ்சாலை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இதை எழுதினால் முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் நம் வீட்டில் மில்லில் வேலை பார்த்த நீங்கள் ஒருவர்தான்.

நெசவுக்கூடத்தில் பழைய விசைத்தறிகளை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். உள்ளே போவதற்கு முன்பே காதை அடைத்துக்கொள்ள ஆளுக்கு இரண்டு தக்கை கொடுத்துவிடுகிறார்கள். ஓடுவது கொஞ்சம் தறிகள்தான். அதற்கே மரத்தரை அதிர்வது உள்ளங்காலில் தெரிகிறது. 1830-களில் காதில் எதுவும் இல்லாமல் நாள் முழுக்க இந்த இரைச்சலில் நின்றவர்கள் பெரும்பாலும் பதினைந்திலிருந்து முப்பது வயதுக்குட்பட்ட பெண்கள். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும் என்று ஜன்னல்களையும் அடைத்தே வைத்தார்களாம். பஞ்சுத் தூசு எங்கே போயிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊரே ஆலைக்காகப் பிறந்த ஊர். பிரான்சிஸ் கேபட் லோவெல் என்ற பாஸ்டன் வியாபாரி 1810-ல் இங்கிலாந்து போய், அங்கே விசைத்தறியின் அமைப்பை மனதிலேயே பதித்துக்கொண்டு திரும்பினார். இயந்திர வரைபடங்களை வெளியே கொண்டுபோக அங்கே தடை இருந்த காலம். பேல் பஞ்சாக உள்ளே போவது துணியாக வெளியே வரும்படி, எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் ஆலையை அவரும் கூட்டாளிகளும் வால்தம் என்ற ஊரில் அமைத்தார்கள். அவர் 1817-ல் இறந்துவிட்டார். கூட்டாளிகள் மெரிமாக் ஆறு சுமார் 32 அடி இறங்கும் இடத்தைப் பிடித்து, கால்வாய் வெட்டி, 1823-ல் இங்கே முதல் ஆலையை ஓட்டினார்கள். விளைநிலமாக இருந்த இடத்தில் 1840-ல் சுமார் 20,000 பேர்.

வேலைக்கு ஆட்கள் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் பக்கத்துப் பண்ணை வீடுகளிலிருந்து வந்தார்கள். அதுவரை அந்த வீட்டுப் பெண்கள்தான் ராட்டையில் நூற்று, வீட்டுத்தறியில் நெய்து குடும்பத்துக்கு உடுப்புக் கொடுத்தவர்கள். ஆலைத்துணி கடைக்கு மலிவாக வந்ததும் அந்த உழைப்புக்கு வீட்டில் மதிப்பில்லாமல் போயிற்று. 1825-ல் ஈரி கால்வாய் திறந்த பிறகு மேற்கிலிருந்து கோதுமை வந்து குவிய, கல்லும் மேடுமான நிலத்தில் பாடுபட்டவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ராட்டையைப் பறித்த ஆலையே பிறகு மகள்களையும் கூப்பிட்டுக்கொண்டது.

ஆனாலும் அத்தை, அவர்கள் அழுதுகொண்டு மட்டும் வரவில்லை. ஹாரியட் ஹான்சன் என்பவர் பத்து வயதில் இங்கே டாஃபிங் வேலைக்குச் சேர்ந்தவர். முதுமையில் அந்தக் காலத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். டாஃபர் குழந்தைகளுக்கு வாரம் 2 டாலர். நிறைந்த பாபினை எடுத்துக் காலி பாபினை மாட்டுவது மணிக்குக் கால் மணி நேர வேலைதான் என்றாலும், வேலை நாள் காலை 5 முதல் மாலை 7 வரை. இடையில் இரண்டு வேளை சாப்பாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். அவர் சொல்வதில் என் மனதை விட்டு அகலாதது ஒன்று உண்டு. கணவனின் கொடுமை தாங்காமல் ஓடிவந்த பெண்கள் பெயரை மாற்றிக்கொண்டு ஆலையில் வேலை பார்த்தார்களாம். மனைவியின் கூலி சட்டப்படி கணவனுடையது. இடம் தெரிந்தால் அவன் வந்து வாங்கிக்கொண்டு போய்விடலாம். இந்த மாசசூசெட்ஸில் அந்தச் சட்டம் மாற 1855 ஆயிற்று. தன் பெயரில் கூலி வாங்குவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும்!

தங்குவதற்குக் கம்பெனி விடுதி. ஒரு கட்டிலில் இரண்டு பேர், இரவு பத்து மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள், தேவாலயத்துக்குப் போவது கட்டாயம். பெற்றோரை நம்பவைக்கத்தான் இவ்வளவு கட்டுப்பாடு என்பது என் எண்ணம். பெண் பத்திரமாக இருப்பாள் என்று தெரியாமல் எந்த அப்பா அனுப்புவார்? ஆலைக்குள் புத்தகம் கூடாது. லூசி லார்கம் என்ற பெண், பிற்காலத்தில் கவிஞர், பத்திரிகையில் வந்த கவிதைகளை வெட்டி, தான் நிற்கும் ஜன்னலோரம் ஒட்டிவைத்துப் படித்திருக்கிறாள்.

1834-ல் கூலியைக் குறைத்தபோது பெண்கள் வெளிநடப்புச் செய்தார்கள். 1836-ல் விடுதிச் செலவைக் கூட்டியபோது மறுபடியும். அந்த இரண்டாவது முறை, பெரிய பெண்கள் போவதா வேண்டாமா என்று தயங்கி நிற்க, பதினொரு வயது ஹாரியட் முன்னால் நடக்க, அந்தக் கூடமே பின்னால் வந்தது. அவள் அம்மா விதவை, விடுதி நடத்திப் பிழைத்தவள். பெரியவர்களைத் தடுக்க முடியாது, பெற்ற மகளை அடக்கியிருக்கலாமே என்று சொல்லி அந்த விடுதியை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் அடங்கவில்லை.

பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தெற்கத்தித் தோட்டங்களில் கறுப்பின அடிமைகள் பறித்த பஞ்சு அது. 1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்த அவர்கள் தொகை 1860-ல் 40 லட்சத்தை நெருங்கியது. லோவெல் ஆலைகள் நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அந்த அடிமைகளுக்கே உடுப்பாகத் திரும்பிப் போயிற்று. வெளிநடப்பில் நாங்கள் அடிமைகள் அல்ல என்று முழங்கிய பெண்களின் தறியில் ஓடியது அந்த நூல். அந்த ஆலைப் பெண்களில் பலர் அடிமை முறையை எதிர்க்கும் மனுக்களில் கையெழுத்துப் போட்டவர்கள். இந்தப் பெண்களைப் பெருமையாக எழுதும்போது அந்தத் தோட்டங்களை விட்டுவிட்டால் கதையில் பாதி பொய்யாகிவிடும்.

1845-ல் சேரா பேக்லி என்ற ஆலைப் பெண்ணும் தோழிகளும் பத்து மணி நேர வேலை கேட்டுச் சட்டமன்றக் குழுவின் முன்னால் போய்ச் சாட்சி சொன்னார்கள். குழு கைவிரித்தது. அந்தச் சட்டம் இங்கே வந்தது 1874-ல். அதற்குள் அயர்லாந்துப் பஞ்சத்தில் தப்பி வந்தவர்கள் தறிகளின் முன்னால் நின்றிருந்தார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மில்லில் வாங்கிய முதல் சம்பளத்தை அப்படியே தாத்தா கையில் கொடுத்தீர்களா, உங்களுக்கென்று கொஞ்சம் வைத்துக்கொண்டீர்களா? அப்பாவைக் கேட்டால், “அதெல்லாம் அக்காவைத்தான் கேட்கணும்” என்கிறார். போனில் சொன்னால் மாமா குறுக்கே பேசுவார். கடிதமாகவே எழுதுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்