நான்கு தடங்களும் ஓர் ஆயுளும்

ஜூன் 11, ஆக்லாந்து

நியூசிலாந்தின் ராக் இசை வரலாற்றில் மறக்கவியலாத நாள் இது. 2009-ஆம் ஆண்டு இதே நாளில்தான் ஆக்லாந்துவாசியான பாடகர், பாடலாசிரியர், கேலிச்சித்திரக் கலைஞர் கிறிஸ் நாக்ஸ் பக்கவாதத்துக்கு ஆளாகி, வலப்பக்க இயக்கத்தோடு பேச்சாற்றலின் பெரும்பகுதியையும் இழந்தார். நாட்டின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கிலில் 1952-இல் பிறந்த அவர் இசைக்கல்லூரி வழியாக வந்தவர் அல்லர். டனீடின் நகரில் 1977-இல் ‘தி எனிமி’ என்ற பங்க் குழுவில் பாடத் தொடங்கி, தமிழ் மரபு கேள்வி ஞானம் என்று போற்றும் வழியில், கேட்டும் செய்துபார்த்தும் தேறியவர். பங்க் என்பது, தேர்ச்சி பெற்ற பின்னரே மேடையேற வேண்டும் என்ற நியதியை மறுத்து 1970-களில் எழுந்த ராக் இசைப் போக்காகும்.

ஜூன் 14

நாக்ஸின் அடுத்த குழுவான ‘டாய் லவ்’ சிட்னிக்குச் சென்று 1980-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில், மேடையில் இருந்த வேகம் பதிவில் மழுங்கிவிட்டதாகக் குழுவினரே வருந்தினர். அவ்வாண்டே குழு கலைந்தது. அதன்பின் நாக்ஸ் பெரிய ஒலிக்கூடங்களை நாடாமல், டியாக் நிறுவனத்தின் நான்கு தட ஒலிப்பதிவுக் கருவியைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். தடம் என்பது காந்த நாடாவின் நீளவாக்கில் இணையாக ஓடும் பதிவுக் கோடு. முதல் தடத்தில் கிதாரைப் பதித்து, அதைக் கேட்டபடியே இரண்டாவதில் குரலைச் சேர்க்கலாம் என்பதால், ஒரே ஆள் ஒரு குழுவாக ஒலிக்க முடியும். தடங்கள் தீர்ந்தால் மூன்றைக் கலந்து நான்காவதற்கு மாற்றி இடம் பெறலாம், ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் நாடாவின் இரைச்சல் கூடும். நாக்ஸ் அந்த இரைச்சலை மறைக்க முயலவில்லை.

ஜூன் 18

1981-இல் அலெக் பாத்கேட்டுடன் அவர் தொடங்கிய ‘டால் ட்வார்ஃப்ஸ்’ இருவர் மட்டுமே கொண்டது, டிரம்ஸ் கலைஞர் இல்லாதது. அந்தக் குறையை நிரப்பியது நாடா வளையம்: கைதட்டலையோ கையில் கிடைத்த பொருளைத் தட்டும் ஒலியையோ பதித்து, நாடாவை அளவாக வெட்டி இரு முனைகளையும் ஒட்டினால், அந்தத் துண்டு தாளத்தின் ஆவர்த்தனம் போலத் திரும்பத் திரும்ப வரும். பாத்கேட் கிறைஸ்ட்சர்ச்சில் வாழ்ந்தமையால் இருவரும் கூடும் குறுகிய நாட்களுக்குள் பாடல் புனைவதும் பதிவதும் முடிய வேண்டியிருந்தது. முதல் முயற்சியின் புதுமை அப்பதிவுகளில் மிஞ்சியதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். உலகெங்குமுள்ள ரசிகர்கள் அனுப்பிய வளையங்களைக் கொண்டு 1996-இல் ‘ஸ்டம்பி’ என்ற தொகுப்பையும் அவர்கள் உருவாக்கினர்.

ஜூன் 23

நாக்ஸின் கருவி அவருக்கு மட்டும் பயன்படவில்லை. டனீடின் குழுவான ‘தி கிளீன்’ வெளியிட்ட ‘பூடில் பூடில் பூடில்’ குறுந்தொகுப்பை, ஆக்லாந்தின் ஆர்ச் ஹில் பகுதியிலுள்ள ஓர் அரங்கில் 1981-இல் நாக்ஸும் டக் ஹூடும் பதிவு செய்தனர். அது நாட்டின் விற்பனைப் பட்டியலில் 5-ஆம் இடத்தை எட்டியது. செலவு குறைந்த இத்தகைய பதிவுகளே, அவ்வாண்டு ரோஜர் ஷெப்பர்ட் கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கிய ‘ஃபிளையிங் நன்’ இசை வெளியீட்டு நிறுவனத்தை நிலைநிறுத்தின.

செப்டம்பர் 2

நாக்ஸின் பிறந்தநாளான இன்று, பக்கவாதத்துக்குப் பிந்தைய ஆண்டுகளைத் தனியே எண்ணிப்பார்க்க வேண்டியுள்ளது. மொழிக்குரிய மூளைப்பகுதி பெரும்பாலோரிடம் இடப்பக்கத்தில் அமைய, மெட்டை உணர்வதில் வலப்பக்கம் பெரும்பங்கு வகிப்பதால், பேச்சிழந்தவர் பாட முடிவது மருத்துவம் நன்கறிந்த செய்தி. சொற்களை இசைத்துச் சொல்லப் பழக்கும் சிகிச்சை முறையும் 1973-இல் பாஸ்டனில் வகுக்கப்பட்டது. அவருக்காக 2009-இல் தயாரான ‘ஸ்ட்ரோக்’ என்ற நிதிதிரட்டுத் தொகுப்பில் நீல் ஃபின் முதலியோர் அவருடைய பாடல்களைப் பாடினர். நாக்ஸோ சொற்களற்ற குரலோடு மேடைக்குத் திரும்பினார். இடக்கையால் ஓவியமும் தீட்டினார். 1989-இல் வெளிவந்த ‘நாட் கிவன் லைட்லி’ என்ற காதல் பாடலே அவருக்குப் பெரும்புகழ் தந்தது என்றாலும், அவருடைய சாதனையை அந்த ஒரு பாடலால் அளப்பது பொருந்தாது. இருக்கும் கருவியும் எஞ்சிய ஆற்றலும் இசைக்குப் போதும் என்பதை வாழ்நாள் முழுவதும் செய்துகாட்டியதே அவருடைய சாதனை.