என் முகமும் எங்கள் வடைச் சட்டியும்

இந்த மாதச் சுவர் இதழுக்கு எல்லாரும் மரம், மழைநீர், அப்துல் கலாம் ஐயா என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள. நான் என் முகத்தைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிட்டு அப்புறம் படிக்கவும். தமிழ் டீச்சரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "உனக்கு நல்லாத் தெரிஞ்சத எழுது" என்றார்கள். எனக்கு நல்லாத் தெரிந்தது இதுதான்.

எங்கள் அம்மா பஸ் ஸ்டாப் பக்கத்தில் சாயங்காலம் வடைக் கடை போடுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் வெங்காயம் நறுக்குவேன், சட்னி ஊற்றிக் கொடுப்பேன், சில்லறை வாங்கிப் போடுவேன். எட்டாம் வகுப்பு வரைக்கும் அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. எட்டாம் வகுப்புக் கடைசியில் குரூப் போட்டோ எடுத்தார்கள். அதில் எல்லார் முகமும் முகமாக இருந்தது. என் முகத்தில் மட்டும் நெற்றியும் மூக்கும் வெயில் பட்டு மின்னியது. ஒருத்தி பார்த்துவிட்டு, "வடைச் சட்டி மாதிரியே இருக்கா" என்றாள். யார் என்று எழுத மாட்டேன், அவளும் இதைப் படிப்பாள். அன்றிலிருந்து என் பெயர் வடைச் சட்டி.

முகத்தைச் சொன்னால்கூடப் பரவாயில்லை. எங்க அம்மா சட்டியையும் சேர்த்துச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுப்புப் பக்கம் உட்காருவதால்தான் இப்படி எண்ணெய் வடிகிறது என்று நானாக முடிவு கட்டினேன். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் "படிக்க நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தனியாகவே நறுக்கி, தனியாகவே சுட்டு, தனியாகவே விற்றார்கள்.

எண்ணெயை ஒழிக்க நான் செய்த கூத்துகளைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டு நாள் துணி துவைக்கிற சோப்பையே போட்டேன். (தயவு செய்து யாரும் செய்யாதீர்கள்.) எலுமிச்சம்பழம் தேய்த்தேன். எரிந்தது, எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்தேன். மேலே பவுடர் அப்பினேன், அது வியர்வையில் திட்டுத் திட்டாக நின்றது. இரண்டாவது பீரியடுக்குள் மூக்கு மறுபடியும் மினுமினுத்தது. ஆனால் கன்னமும் வாயோரமும் காய்ந்து, வெள்ளையாகச் செதில் செதிலாக உரிந்தது. சிரித்தால் தோல் இழுத்தது. ஒரே முகத்தில் ஒரு பக்கம் எண்ணெய்க் கடை, ஒரு பக்கம் கரிசல் காடு வெடித்த மாதிரி.

அப்போது எங்கள் தெரு அக்கா ஒருத்தர் ஒரு டியூபின் பெயரைச் சொன்னார்கள். மெடிக்கலில் கேட்டால் கொடுப்பார்கள், ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும் என்றார்கள். அம்மாவின் சில்லறை டப்பாவிலிருந்து கேட்காமல் 70 ரூபாய் எடுத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் எழுதாமல் விட்டால் கதை முழுசாகாது. கடையில் சீட்டு எதுவும் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நாலு நாள் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், முகம் நன்றாகத்தான் ஆனது. சிவப்பு போனது, பருவும் அமுங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் நாள் என் டப்பாவில் அந்த டியூபை சயின்ஸ் டீச்சர் பார்த்துவிட்டார்கள். திருப்பிப் பார்த்தார்கள். அதில் ஒரு சிவப்புக் கோடும் 'ஆர்எக்ஸ்' என்ற குறியும் இருந்தது. சின்ன எழுத்தில் 'குளோபெட்டசால்' என்று இருந்ததை என்னையே வாசிக்கச் சொன்னார்கள். "இது அழகு கிரீம் இல்ல, மருந்து. ஸ்டீராய்டு" என்றார்கள். 2018-ஆம் ஆண்டிலேயே இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்துவிட்டதாம். டாக்டர் பார்க்காமல் முகத்தில் மாதக் கணக்கில் போட்டால் தோல் மெலிந்து போகும், ரத்தக் குழாய் சிவப்பு நூல் மாதிரி வெளியே தெரியும், முகத்தில் முடி வளரும், நிறுத்தினால் பரு முன்பைவிடக் கூடுதலாக வரும் என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் திட்டவில்லை. "அம்மாவக் கூட்டிக்கிட்டு கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்குப் போ" என்று மட்டும் சொன்னார்கள்.

அம்மா ஒரு நாள் கடையை மூடிவிட்டு என்னைக் கூட்டிப் போனார்கள். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே 70 ரூபாயைச் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "டப்பாவுல கொறஞ்சது எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. நீயாச் சொல்லுதியான்னு பாத்தேன்" என்றார்கள். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

டாக்டரம்மா என் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாலு நாள்தானே, பயப்பட வேண்டாம், இத்தோடு விட்டுவிடு என்றார்கள். பிறகு ஒன்று கேட்டார்கள்: "எண்ணெயும் ஈரமும் ஒண்ணா?" நான் முழித்தேன். எண்ணெய் என்பது தோலுக்குள் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வருவது. நம்ம வயசில் ஹார்மோன் கூடுவதால் அது அதிகமாகச் சுரக்கும். நெற்றி, மூக்கு, நாடி, இந்த இடங்களில் சுரப்பிகளும் அதிகம். ஈரம் என்பது தோலின் மேலடுக்கு பிடித்து வைத்திருக்கிற தண்ணீர். சோப்பைப் போட்டுப் போட்டு நான் அந்த மேலடுக்கைக் கெடுத்துவிட்டேன். அதனால் தண்ணீர் வெளியே போய்விட்டது, எண்ணெய் மட்டும் உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது. எண்ணெய் வடிகிற முகத்துக்கும் ஈரம் வேண்டும். இது எனக்குப் புதுசு. மாய்ஸ்சரைசர் எல்லாம் காய்ந்த தோல்காரர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

என் தோல் கலப்புத் தோலாம். வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் வெறும் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு, ஒன்றும் போடாமல் ஒரு மணி நேரம் இருங்கள். டீக்கடையில் வைத்திருக்கிற மெல்லிசான டிஷ்யூ பேப்பரை நெற்றி, மூக்கு, கன்னம் என்று தனித்தனியாக ஒற்றிப் பாருங்கள். எனக்கு நெற்றியிலும் மூக்கிலும் பேப்பர் கண்ணாடி மாதிரி ஆனது. கன்னத்தில் ஒன்றுமே இல்லை. எல்லா இடத்திலும் எண்ணெய் பட்டால் எண்ணெய்த் தோல்.

வாங்கப் போனபோது டாக்டரம்மா சொன்னதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் போனேன். பகலில் போட கெட்டிக் கிரீம் வேண்டாம், ஜெல் அல்லது தண்ணியான லோஷன் போதும். அட்டையின் பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று இருக்கும். எது அதிகமோ அது முதலில் வரும். தண்ணீர் முதலில், அடுத்து கிளிசரின் போல ஒன்று இருந்தால் நல்லது. கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கும். டைமெத்திகோன் என்றிருந்தால் பயப்பட வேண்டாம், பிசுக்கு இல்லாமல் மூடி வைக்கும். தேங்காய் எண்ணெய், கோகோ வெண்ணெய் சேர்த்தது நம்ம மாதிரி முகத்துக்கு வேண்டாம், துவாரம் அடைத்துப் பரு வரலாம். 'நான் காமெடோஜெனிக்' என்று போட்டிருந்தால் துவாரத்தை அடைக்காத மாதிரி செய்தது என்று அர்த்தம். வாசனை கம்மியாக இருக்கட்டும். வெள்ளையாக்கும் என்று சொல்வது எதுவும் வேண்டாம்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்ததே வெள்ளையாக்குகிற கிரீம்தான். "பாப்பாவுக்கு இதுதான் நல்லாருக்கும்" என்றார். எங்க அம்மா, "பாப்பா நெறம் எங்க நெறம். அது இருக்கட்டும். அவ நோட்டுல எழுதியிருக்கத எடுங்க" என்றார்கள். நாலாவதாக எடுத்ததில் எல்லாம் பொருந்தியது. இருப்பதிலேயே சின்ன டியூப் வாங்கினோம். பகலுக்கு எஸ்.பி.எஃப். 30 சேர்த்ததும் இருந்தது, விலை கூடுதல். அதை வைத்துவிட்டோம். குடை பிடித்துக்கொண்டு வருகிறேன், வருகிறவர்கள் போகிறவர்கள் கேலி பண்ணட்டும்.

முதலில் முழங்கை உள்பக்கம் மூன்று நாள் தடவிப் பார்த்தேன். அரிக்கவில்லை. இப்போது காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைதான் மென்மையான சோப்பு. காலையில் முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே ஒரு பட்டாணி அளவு எடுத்துத் தடவுவேன். கன்னத்துக்குக் கூட, மூக்குக்குத் தொட்டும் தொடாமல். தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் வழியாமல் துடைத்துவிடுவேன். ஒரு மாதத்தில் உரிவது நின்றுவிட்டது. மினுமினுப்பு போய்விட்டதா என்றால் இல்லை. மத்தியானத்துக்கு மேல் மூக்கு மின்னத்தான் செய்யும். கைக்குட்டையால் ஒற்றிக்கொள்வேன்.

டாக்டரம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே. வடைக் கடையில் உட்காருவதால்தான் முகம் இப்படி ஆனதா என்று. "புகையும் தெறிப்பும் முகத்துல ஒட்டும், வீட்டுக்குப் போய்க் கழுவிரு. ஆனா இந்த எண்ணெய் சட்டியில இருந்து வரல, உனக்குள்ள இருந்து வருது" என்றார்கள். அம்மா அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏன் கடைக்கு வருவதில்லை என்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

மறுநாளே கடைக்குப் போய்விட்டேன். அம்மா ஒரு நாள், "எனக்கும் அதுல கொஞ்சம் தாட்டி" என்று வாங்கித் தடவிப் பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில், "எங்க போச்சு? வெறும் தண்ணியால்லா இருக்கு" என்றார்கள். அம்மாவுக்குக் காய்ந்த தோல், கெட்டிக் கிரீம்தான் சரிப்படும். அதற்குச் சில்லறை டப்பாவில் தனியாகச் சேர்க்கிறேன், சொல்லிவிட்டுத்தான்.

போன வாரம் எனக்குப் பெயர் வைத்தவள் கடைக்கு வந்தாள். நாலு உளுந்த வடை வாங்கினாள். போகாமல் நின்றாள். பிறகு மெதுவாக, "நீ என்ன போடுத?" என்று கேட்டாள். அவள் மூக்கு நுனியும் மின்னியது. பக்கத்து டீக்கடைக்குப் போய் இரண்டு டிஷ்யூ பேப்பர் வாங்கி வந்து கொடுத்தேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி